மாலை போட்ட குழாய்

3.11, திங்கள். விடியற்காலை மழை.

சத்தியப் பிரமாணம்: இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையைப் பூவுலகில் ஒரு ஜீவனும் நம்பாது. நான் பெற்ற பிள்ளைகள் நம்பமாட்டார்கள். எதிர்வீட்டு நாய்கூட நம்பாது. ஆகவே யாருக்கும் காட்டுவதில்லை. அரிசி டின்னுக்கு அடியில் வைக்க. (தினமும் அந்த டின்னைத் திறப்பவள் மனைவி ராஜிதான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. வேறு இடம் பார்க்க.)

மழை என்றால் சாதாரண மழையா. தெப்ராவ் சாலையில் மீன்கள் சிக்னலுக்குக் காத்து நின்றன.

இன்று முதல் நான் தொலைக்காட்சி நிருபர். வயது ஐம்பத்தாறு. முப்பத்தோரு வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டு மீன்தொட்டியோடு பேச்சு. இப்போது ஜொகூர் பாருவின் ஒரு குட்டித் தமிழ் அலைவரிசை என்னைக் கூப்பிட்டிருக்கிறது. அலுவலகம் டயர் கடைக்கு மேல் மாடி. செய்தி வாசிக்கும்போது கீழே டயர் வெடித்தால் நேயர்கள் போர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஏன் என்னை எடுத்தார்கள்? தொழிற்சாலைத் தீபாவளி விருந்துகளில் மைக் பிடித்த குரலுக்காக என்றார்கள். நம்பும்படி இல்லை.

செய்தி ஆசிரியை கவிதா. என் மூத்த மகளைவிடச் சின்னவள்.

"அங்கிள், ஒரு மாசம் டிரையல். அதுக்கப்புறம்தான் நிரந்தரம்."

"ஒரு மாசம் எதுக்கும்மா? ஒரு வாரத்துல ஜொகூரையே புரட்டிக் காட்டுறேன்!"

"புரட்ட வேணாம் அங்கிள். பார்த்தத மட்டும் சொன்னா போதும்."

அந்தப் 'போதும்' சரியில்லை. கவனிக்க.

கொடுத்தவை:
- ஒலிவாங்கி, நீலப் பஞ்சுத் தொப்பி போட்டது. பழைய நிருபரின் வெற்றிலை வாடை. அவர் ஏன் போனார் என்று கேட்டால் எல்லாரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள்.
- அடையாள அட்டை. படத்தில் நான் தேடப்படும் குற்றவாளி.
- பவுடர் டப்பா. முகத்துக்காம்.
- ஃபைசால்.

ஃபைசால் ஒளிப்பதிவாளர். மலாய்க்காரர், ஐம்பதை நெருங்குகிறவர், இடுப்பில் முதுகுவலி பெல்ட். குளுவாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். என்னைவிட நல்ல தமிழ். சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு. கேமரா ஒத்திகையில் நான் வாயைத் திறந்தால் கடிகாரத்தைப் பார்க்கிறார், எதையோ எழுதுகிறார். மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

ஒற்றன். சந்தேகமே இல்லை.

ராஜி (இனி ரா.) சொன்னது: "முப்பத்தோரு வருஷம் வீட்டுக்குள்ள விட்ட ரீலு. இனிமே ஊருக்கே."

5.11, புதன். வெயில். பல்வலி, இடது கீழ்.

கூலாய். ஒரு மண்டபத்தில் ஆண்டு விழா. நிருபர் வாழ்க்கையின் முதல் களம்.

கற்றது: டிவி வருவதற்குமுன் எந்த விழாவும் தொடங்குவதில்லை. நாங்கள் போனபோது விளக்கு ஏற்றி முடிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அணைத்தார்கள். மறுபடி ஏற்றினார்கள். ஃபைசால், "அண்ணே, தலைவர் முகம் தெரியல" என்றார். மறுபடி அணைத்து, மறுபடி ஏற்றினார்கள். சாமி குழம்பியிருக்கும்.

பொன்னாடை போட்டவரே அதைக் கழற்றி மடித்து அடுத்தவருக்குப் போட்டதையும் பார்த்தேன். ஓரத்தில் குழம்புக் கறை. ஆறு பேர் தோளில் அந்தக் கறை பயணம் செய்தது. விசாரிக்கவேண்டிய விஷயம்.

கேமரா முன் முழங்கினேன்: "ஆயிரக்கணக்கான மக்கள் வெள்ளமெனத் திரண்டு..."

மாலை. கவிதா படத்தை நிறுத்திவைத்து, பென்சில் முனையால் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"நாப்பத்து மூணு அங்கிள். அதுல ரெண்டு துவாரபாலகர் சிலை. ஒண்ணு கண்ணாடியில நீங்க."

"அடுத்த ரூம்ல நிறைய பேரும்மா..."

"அடுத்த ரூம் கிச்சன்."

செய்தி ஒளிபரப்பாகவில்லை. அவள் கோபப்படவில்லை, அதுதான் பயம். மெதுவாகச் சொன்னாள்: "ஊதாதீங்க அங்கிள். கண்ணால பார்த்தது, எண்ணிப் பார்த்தது, அவ்ளோதான். இன்னொரு தடவ ஊதினா அன்னைக்கே டிரையல் முடிஞ்சுது. சீரியஸா சொல்றேன்."

பழைய நிருபர் எப்படிப் போனார் என்று புரிந்துவிட்டது.

வீட்டில் சொல்லவில்லை. ரா. கேட்டாள், இன்னைக்கு டிவியில வருவீங்களா என்று. தொழில்நுட்பக் கோளாறு என்றேன். மீன்தொட்டி என்னை ஒரு மாதிரிப் பார்த்தது.

7.11, வெள்ளி. மழை.

வேலை இல்லை. பல்லுக்குக் கிராம்பு. ஃபைசால் அலுவலகத்தில் கவிதாவிடம் தன் நோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் இருவரும் சாதாரணமாக இருந்தார்கள். அவ்வளவு சாதாரணமாக எந்த நிரபராதியும் இருக்கமாட்டான்.

நோட்டின் இந்தப் பக்கத்தில் தோசை மாவு விரல் பட்ட மாதிரி ஒரு வெள்ளைத் தடம். நான் மாவைத் தொடவே இல்லையே. (இடம் மாற்ற: அலமாரி, பழைய தொழிற்சாலைச் சட்டைக்குள்.)

9.11, ஞாயிறு. காலை மழை, பிறகு புழுக்கம்.

பாலோ. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சின்னத் தாமான், அதாவது குடியிருப்பு, எல்லாம் எஸ்டேட்டை விட்டு வந்த குடும்பங்கள். எட்டு மாதமாகக் குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர், பல நாள் அதுவும் இல்லை. இன்று புதிய தண்ணீர்த் தொட்டி திறப்பு விழா. ஏற்பாடு குடியிருப்போர் சங்கத் தலைவர் முத்தையா. அடுத்த ஞாயிறு சங்கத் தேர்தலாம். குறித்துக்கொள்க.

இதையும் நம்பமாட்டீர்கள்: குழாய்க்கு மாலை. முழங்கை உயரக் குழாய்க்கு முழு ரோஜா மாலை, நெற்றிப் பக்கம் சந்தனம், குங்குமம். தேங்காய் உடைத்தார்கள். பொன்னாடை மட்டும் போடவில்லை. தோள் இல்லாததால் தப்பித்தது.

முத்தையா கன்னத்துக்கு என் பவுடரைக் கடன் கேட்டார். குழாயைத் திருகினார். தண்ணீர் பீறிட்டது. கண்ணாடி மாதிரி. கைதட்டல். உரை. நன்றியுரை. நன்றியுரைக்கு நன்றி.

எனக்கு எல்லார்மேலும் சந்தேகம். பந்தலில் ஒரு ஆள் கறுப்புக் கண்ணாடி. தேங்காய் அழுகல். ஃபைசால் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். இவற்றையெல்லாம் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்த மகா நிருபர், பார்க்கவேண்டிய ஒன்றைப் பார்க்கவில்லை.

பார்த்தது தற்செயல். ஒரே ஒரு அம்மா உரையைக் கேட்கவில்லை, கைதட்டவில்லை. குழாயடியிலேயே நின்று வாளி, குடம், சமையல் சட்டி, குழந்தை குளிக்கும் தொட்டி என்று வரிசையாகப் பிடித்து வீட்டுக்கு ஓடுகிறார், திரும்பி வருகிறார். ஐம்பது வயதிருக்கும். பெயர் சிவகாமி.

"ஏம்மா இவ்ளோ அவசரம்? இனிமே தெனமும் வரப்போவுதே."

நிமிராமல் சொன்னார்: "நீங்க போற வரைக்கும்தாண்ணே வரும்."

அவர் பக்கம் குனிந்தேன்.

"காலையில ஆறு மணிக்கு தண்ணி லோரி வந்து தொட்டியில ஊத்திட்டுப் போச்சு. மெயின் பைப்பு இன்னும் மாட்டவே இல்ல. பின்னால போய்ப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க... சரி, சொல்லுங்க. சொன்னா என்ன, தண்ணியவா நிறுத்திருவாங்க?"

போனேன். மண்ணில் லோரிச் சக்கரத் தடம், உள்ளே மழைநீர். தொட்டியை விரல் கணுவால் தட்டினேன், கீழிருந்து மேலாக. முப்பத்தோரு வருடம் இயந்திரம் தட்டிப் பார்த்த விரல். முழங்கால் உயரத்துக்கு மேல் டங்கென்று வெறும் சத்தம். மெயின் குழாய் வரவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி.

திரும்பி வந்தபோது குழாய் இருமியது. நூலாக வந்தது. நின்றது. மாலை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

முத்தையா ஓடிவந்தார். "பிரஷர் கம்மி லா, வேற ஒண்ணுமில்ல. நாளைக்கு ஜம்முனு வரும். வாங்க நிருபர் சார், பிரியாணி ஆறுது."

கேமராவைப் பார்த்தேன். முக்காலிமேல் அநாதையாக நின்றது. ஃபைசால் பிரியாணிப் பொட்டலத்தோடு நிழலில். கெடுத்தார் காரியத்தை!

கிளம்பும்போது சிவகாமி வேன் கதவைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, டிவியில 'சரியாயிருச்சு'ன்னு மட்டும் போட்டுறாதீங்க. போட்டுட்டா அப்புறம் நாங்க எந்த ஆபீஸ்ல போய் நின்னாலும், அதான் சரியாயிருச்சேம்பாங்க. எட்டு மாசம் நடையா நடந்தது வீணாப் போயிரும்."

பொட்டலத்தைத் திறக்கவில்லை. (பொய். இரவல் மனசாட்சியோடு பாதி சாப்பிட்டேன்.)

10.11, திங்கள். மழை. மழை. மழை. பாலோவிலும் பெய்திருக்கும்.

கவிதா கேட்குமுன்பே கொட்டிவிட்டேன். பழக்க தோஷம். வாய் என் பேச்சைக் கேட்பதில்லை.

"பன்னெண்டு லோரிம்மா! ஐந்நூறு பொம்பளைங்க கதறுறாங்க! தொட்டி வெறும் அட்டை!"

பென்சிலைக் கீழே வைத்தாள். "அங்கிள்."

"சரி, ஒரு லோரி."

"பார்த்தீங்களா?"

"...தடம் பார்த்தேன்."

"தலைவர் காலையிலயே போன் பண்ணி நன்றி சொல்லிட்டாரு. படம் அழகா இருக்கு. திறப்பு விழான்னே போட்டுரலாம். நீங்க இன்னைக்கு ரெஸ்ட் எடுங்க." பிறகு தாழ்ந்த குரலில், "நாளைக்கு வந்து டிரையல் பத்திப் பேசலாம்."

நான் முப்பத்தோரு வருடம் சொன்ன பொய்கள் எல்லாம் ஒன்றாகக் கைகோத்து அந்த அறையில் வந்து நின்றன. ஒரு உண்மை சொல்லப் போனால் வாசலை மறித்துக்கொண்டன. இது மிகை அல்ல.

அப்போது ஒற்றன் எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அதில் நான் இல்லை. ஒரு வரிகூட நான் இல்லை. எடுத்த ஒவ்வொரு காட்சிக்கும் மணி, பக்கத்தில் காட்சி. எடிட்டிங்கில் தேட வசதியாக. இத்தனை வருடமாக இப்படித்தானாம். கொஞ்சம் ஏமாற்றம்.

*குழாய் திறப்பு 10.42. குழாய் நின்றது 10.53.*

"கேமரா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு" என்றார் ஃபைசால். "பிரியாணி சூடா இருந்துச்சு, நிறுத்துறதுக்கு ரெண்டாந்தரம் எழுந்திரிக்க முதுகு வரல. உட்கார்ந்த இடத்துலேருந்தே பார்த்து எழுதிட்டேன்."

ஓட்டிப் பார்த்தோம். ஆடாத அசையாத படம். மாலை போட்ட குழாய், பின்னால் நன்றியுரை, ஓடி ஓடிப் பிடிக்கும் சிவகாமி. இருமல். நூல். சொட்டு. கவிதா கடைசிவரை பார்த்தாள். பிறகு முத்தையாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மெயின் பைப் இணைச்சாச்சா சார்?"

"...இல்லம்மா. அடுத்த மாசம் மாட்டிருவாங்க. ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரட்டும்னுதான் ஒரே ஒரு லோரி..."

தண்ணீர் அலுவலகத்துக்கும் போட்டாள். இணைப்புக்கு இன்னும் விண்ணப்பமே வரவில்லை, ஆள் அனுப்பிப் பார்க்கிறோம் என்றார்கள். குறித்துக்கொண்டாள்.

"எழுதுங்க அங்கிள். நீங்கதான் பேசறீங்க. ஆறு மணி செய்தி."

எழுதினேன். ஒன்பது தடவை திருப்பிக் கொடுத்தாள். 'மாபெரும்' போனது. 'கண்ணீர்க் கடல்' போனது. 'வரலாறு காணாத' போனபோது எனக்கே உடம்பில் ஒரு பாகம் போனது போலிருந்தது. மிஞ்சியது:

"பாலோ அருகே ஒரு தாமானில் நேற்றுப் புதிய தண்ணீர்த் தொட்டி திறக்கப்பட்டது. குழாயில் பதினோரு நிமிடம் தண்ணீர் வந்தது. பிறகு நின்றது. அது லோரித் தண்ணீர், மெயின் குழாய் இன்னும் இணைக்கப்படவில்லை என்று சங்கத் தலைவர் கூறினார். இணைப்புக்கு விண்ணப்பம் வரவில்லை, ஆள் அனுப்பிப் பார்ப்போம் என்று தண்ணீர் அலுவலகம் கூறியது. ஜொகூரிலிருந்து வேலாயுதம்."

வாசிக்கும்போது கீழே டயர் வெடிக்கவில்லை.

12.11, புதன். மழை இல்லை. பல் பிடுங்கியாயிற்று.

காலையில் சிவகாமி கூப்பிட்டார். "தண்ணி வரலண்ணே. ஆனா ஆபீஸ் ஆளுங்க மூணு பேரு வந்து மூடியக் கழட்டிப் பார்க்குறாங்க. முத்தையா வீட்டுக் கதவு சாத்தியிருக்கு."

கவிதா நிரந்தரம் பற்றிப் பேசவில்லை. மேசைமேல் ஒலிவாங்கிக்குப் புதுப் பஞ்சுத் தொப்பி வைத்திருந்தாள், வெற்றிலை வாடை இல்லாதது. இதில் என்ன சூழ்ச்சி என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரா. சாப்பாடு போடும்போது கேட்டாள்: "ஏங்க, மீனெல்லாம் சிக்னலுக்கு நின்னுச்சாமே?"

சோற்றைப் பார்த்தேன். அவள் விரலைப் பார்த்தேன். மாவு.

"படிச்சா என்ன? ஆனா ஒண்ணு. அந்த அம்மா கத நெசம்னா அது தனியா தெரியணும். இத்தன ரீலுக்கு நடுவுல அதையும் ரீலுன்னு நெனச்சிருவாங்க. எது நெசம்னு ஒரு வரி எழுதி வையுங்க."

எழுதுகிறேன். மீன் இல்லை, ஒரு பிளாஸ்டிக் பை மிதந்தது. பொன்னாடை ஆறு தோள் ஏறவில்லை, இரண்டு. ஒன்பது தடவை எழுதவில்லை, நாலு. மாலை ரோஜா இல்லை, சாமந்தி. பிரியாணி பாதி இல்லை, முழுசு.

பதினோரு நிமிடம் மட்டும் நிஜம்.