தாளுக்குள் அடங்கிய கைப்பிடி

மார்ச் 4, செவ்வாய்

வேலையை விட்டு நான்காவது நாள். வரைபட மென்பொருள் இல்லாத வரைபடக்காரி. ஆபீசில் அது மின்விசிறி மாதிரி, சுவிட்சைத் தட்டினால் இருக்கும். இன்றுதான் விலை பார்த்தேன். என் ஸ்கூட்டரை விற்றால் ஏழு மாதச் சந்தா கட்டலாம்.

மேனேஜர் வழியனுப்பிய அழகு இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு மாசத்துல திரும்பி வந்துடுவீங்க. உங்க நாற்காலி காலியாவே இருக்கும்." என்ன ஒரு பாசம்!

மார்ச் 7, வெள்ளி

முதல் ஆர்டர்! அண்ணனின் வெல்டிங் பட்டறை மூலமாக. பல் டாக்டரின் கிளினிக்குக்கு மாடிப்படிக் கைப்பிடி. டாக்டருக்கு வெறும் கோடு போதாதாம். "திருப்பித் திருப்பிப் பாக்கற மாதிரி காட்டுங்க. நல்லா வந்தா மத்த ரெண்டு கிளினிக்கும் உங்களுக்குத்தான்."

கோடும் போட வேண்டும், முப்பரிமாண மாதிரியும் செய்ய வேண்டும், விலையும் கைக்கு எட்ட வேண்டும். எனக்கு மாப்பிள்ளை தேடியபோதுகூட வீட்டில் இத்தனை நிபந்தனை போடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மென்பொருள் வேட்டை. ஒன்று முப்பது நாள் ஓசி. படத்தின் குறுக்கே தன் பெயரைப் பெரிதாக அடித்துக்கொள்கிறது, வரைந்ததே அதுதான் என்பதுபோல். இன்னொன்று இன்டர்நெட்டில் ஓடுவது. நெட் போனால் படமும் போகும். மூன்றாவதுக்கு ஒரே தடவை கட்டினால் போதும், இரண்டு ஜோடி செருப்பு விலை. முகம் பழசு, மாதிரி செய்வது சுமார். சுமாரெல்லாம் நமக்கு எதற்கு? தள்ளிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. முழுக்க இலவசம், பார்க்கவும் பளபளப்பு. ஒரு வட்டம் போட மட்டும் அரை நாள் ஆனது.

மார்ச் 12, புதன்

இன்று வட்டத்துக்கு இருபது நிமிடம்தான். முன்னேற்றம்.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டர் மாதிரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பிரமாதம்!" பிறகு வரைபடத்தை வீட்டுப் பிரிண்டரில் அடித்தேன். ஆபீசில் பெரிய தாள், இங்கே சின்னது. ஆனாலும் ஓரத்தில் எதுவும் வெட்டுப்படாமல் அழகாக அடங்கியது. மூலையில் 'பத்தில் ஒரு பங்கு அளவு' என்று எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். நாற்காலியில் மேனேஜரே உட்கார்ந்துகொள்ளட்டும்.

மார்ச் 24, திங்கள்

ஒரு முழம் குறை. மூன்று மீட்டர் இருபது வர வேண்டிய கைப்பிடி சுவருக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. டாக்டர் குனிந்து பார்த்தார். "இந்த எடத்துல பூத்தொட்டி வச்சிடலாமா?"

அளவை நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் எழுதிய எண்ணை அண்ணன் பார்ப்பதே இல்லையாம். ஸ்கேலைத் தாளின் மேல் வைத்துக் கோட்டை அளந்து, பத்தால் பெருக்கிக் குழாயை வெட்டுவாராம். "நம்பர் எழுதறப்ப கை தவறும். கோடு தவறாது."

தவறியது கோடுதான். பெரிய தாளுக்குப் போட்ட படத்தை அந்த இலவசப் புண்ணியவான் என்னைக் கேட்காமலே சுருக்கிச் சின்னத் தாளுக்குள் அடக்கியிருக்கிறது. நானும் அதைப் பார்த்துப் பூரித்துப் போயிருக்கிறேன்! யாராவது இப்படி ஒரு மடத்தனம் செய்வார்களா? இத்தனை மென்பொருளைச் சோதித்தவள் ஒரு தாளின் மேல் ஸ்கேல் வைத்துப் பார்த்தேனா?

டாக்டரிடம் அண்ணன் சொன்னது: "தப்பு என்னோடது சார். படத்துல நம்பர் சரியா இருக்கு, நான்தான் பாக்கல. புதுக் குழாய் என் செலவு."

வெளியே வந்ததும் கேட்டேன், "ஏன்ணா அப்படிச் சொன்னே?"

"எனக்கு இது நூறாவது தப்பு. உனக்கு மொதல் தப்பு. வண்டியில ஏறு."

வீட்டுக்கு வந்து அழுதேன். மேனேஜருக்கு 'திங்கட்கிழமை வரலாமா?' என்று டைப் செய்து வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

செருப்பு விலையைக் கட்டிவிட்டேன். இந்தப் பழைய முகம் பிரிண்ட் அடிக்கும் முன் கேட்கிறது: சுருக்கவா, அப்படியே விடவா? சுமார்தான், ஆனால் மரியாதை தெரிந்தது. இனி ஒவ்வொரு படத்தின் அடியிலும் சரியாகப் பத்து சென்டிமீட்டரில் ஒரு கோடு. பக்கத்தில்: 'அண்ணா, முதலில் இதை அள.'

ஏப்ரல் 9, புதன்

புதுக் கைப்பிடி சுவரைத் தொட்டதும் டாக்டர் மற்ற இரண்டு கிளினிக்கையும் தந்துவிட்டார். இரண்டாவதின் படம் அண்ணனிடம் போனது. மதியம் அண்ணன் போன் செய்தார். "அந்தக் கோட்டை அளந்தேன். பத்துதான். நம்பரையும் படிச்சேன், போதுமா?"

மேனேஜருக்கு டைப் செய்து வைத்திருந்ததை அழித்துவிட்டு, மூன்றாவது கிளினிக்கின் படிகளை அளக்கக் கிளம்பினேன்.