ஃப்ரீசருக்குள் இருநூற்று முப்பத்தாறு டிகிரி

மார்ச் 3, செவ்வாய்

ரத்த வங்கியின் பழைய கம்ப்யூட்டர் இன்று மறுபடியும் படுத்துவிட்டது. தட்டி எழுப்பினேன். இதற்கு இனி உதிரி பாகம் கிடைக்காது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அதில் ஓடுவது நான் எழுதிய நிரல். குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஏறினால் கத்தும். இத்தனை வருடத்தில் ஒரு பை ரத்தம்கூட அதன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுக் கெட்டதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது.

புதிதாக வந்திருப்பது உள்ளங்கை அளவுப் பெட்டி. உள்ளே வேறு இனத்துச் சிப். நிர்வாகி கறாராகச் சொல்லிவிட்டார்: "திங்கட்கிழமைக்குள்ள இதுல ஓடணும். இல்லன்னா ஏதாவது கம்பெனி சாஃப்ட்வேர் வாங்கிடலாம். உங்களோடதுக்கு ஓய்வு குடுத்துடுவோம்."

ஓய்வா! என் நிரலுக்கா?

"ஒரு எழுத்துகூட மாத்தாம ஓடும் சார்" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

மார்ச் 5, வியாழன்

மூல நிரலை அப்படியே, புதுப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி அதில் கம்பைல் செய்தேன். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. சென்சாரை மேசையில் வைத்தேன், டீயில் விட்டேன், ஐஸ் தண்ணீரில் விட்டேன். எல்லாம் சரி. மீசை இருந்திருந்தால் முறுக்கியிருப்பேன்.

பக்கத்து மேசைக்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஒட்டு. எந்தப் பிழை வந்தாலும் அடியில் போய்ப் பார்க்க மாட்டான், மேலாக ஒன்றை ஒட்டிவிட்டு வந்துவிடுவான். அவனே "கெத்துதான் அக்கா" என்றான்.

மார்ச் 6, வெள்ளி

மானம் போச்சு. நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 7, சனி

நேற்று புதுப் பெட்டியை ரத்த வங்கியில் மாட்டினோம். ரத்தப் பைகள் இருக்கும் குளிர்பெட்டி நான்கு டிகிரி. சரி. பிளாஸ்மா வைத்திருக்கும் ஃப்ரீசர் — இருநூற்று முப்பத்தாறு! அலாரம் ஊரைக் கூட்டியது.

அங்கே டெக்னீஷியனாக இருக்கும் ஒரு அம்மா ஃப்ரீசருக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டினார். "இருநூத்தி முப்பத்தாறாம்! என் விரல் மரத்துப் போச்சும்மா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லிக்கொண்டே அலாரத்தை அணைத்துவிட்டார். அதுதான் என்னைக் குத்தியது. பொய்யாகக் கத்துவதை யார் காதில் வாங்குவார்கள்? நாளைக்கு நிஜமாகவே பிளாஸ்மா உருகினால்? பழையதையே திரும்ப மாட்டி, அது மைனஸ் இருபது காட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒட்டு உடனே ஆரம்பித்தான். "விடுங்க அக்கா. புதுசுக்குன்னு தனியா ஒரு காப்பி எடுப்போம். அதுல மட்டும், இந்த நம்பர் வந்தா மைனஸ் இருபதுன்னு காட்டச் சொல்லிடலாம்."

"மைனஸ் இருபத்தொண்ணு ஆச்சுன்னா?"

"அதுக்கும் ஒண்ணு."

கத்திவிட்டேன். "பெட்டிக்கு ஒரு காப்பின்னு வச்சா, ஒண்ணுல திருத்துறது இன்னொண்ணுல விட்டுப்போகும். அப்புறம் எது நிஜம்னு எனக்கே தெரியாது. முடியாது!"

பாவம், அவன் முகம் சுருங்கிவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

பாத்திரம் தேய்க்கும்போது பிடிபட்டது. இருநூற்று முப்பத்தாறும் இருபதும் சேர்ந்தால் இருநூற்று ஐம்பத்தாறு! சோப்புக் கையோடு கூடத்துக்கு ஓடினேன்.

வெப்பநிலையை நான் வைத்திருந்தது நினைவகத்தின் மிகச் சின்ன அறையில். மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு எண்களுக்குத்தான் அதில் இடம். பழைய கம்ப்யூட்டர், நான் கேட்காமலே பாதி இடத்தை மைனசுக்கு ஒதுக்கிவிடும். புதியது, சொன்னால்தான் ஒதுக்கும். சொல்லாவிட்டால் எல்லாமே பிளஸ்; மைனஸ் இருபது, இருநூற்று ஐம்பத்தாறிலிருந்து இருபது குறைந்து இருநூற்று முப்பத்தாறாகத் தெரியும். பழைய இடத்தில் சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை. என் டீயும் ஐஸ் தண்ணீரும் பூஜ்யத்துக்குக் கீழே போகவும் இல்லை.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புது வண்டி குடுத்தா நான் ரிவர்ஸ் போட்டுப் பாக்காம டிப்போவ விட்டு எடுக்க மாட்டேன். நீ முன்னாடி மட்டும் ஓட்டிப் பாத்துட்டுக் கெளம்பிட்ட."

கோபம் வந்தது. மனுஷன் சரியாகச் சொன்னதால் வந்த கோபம்.

மார்ச் 9, திங்கள்

ஒரே ஒரு சொல் சேர்த்தேன். இந்த அறையில் மைனசும் உண்டு என்று சொல்லும் சொல். அதே மூல நிரலை இரண்டிலும் கம்பைல் செய்து, ரத்த வங்கியில் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தேன். மைனஸ் இருபது. மைனஸ் இருபது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் மாதிரி நின்றேன்.

நிர்வாகி விடவில்லை. "ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்னீங்களே?"

"ஒரு சொல் மாத்தினேன் சார். இந்த விஷயத்துல இனிமே எந்தப் பெட்டி வந்தாலும் கவலையில்ல."

டெக்னீஷியன் அம்மா எழுந்து போய்ப் புதுப் பெட்டியின் அலாரத்தைத் திரும்பப் போட்டார். எனக்கு அது போதும்.

ஏப்ரல் 22, புதன்

கிளை ஆஸ்பத்திரியில் மாட்ட ஒட்டு போயிருந்தான். அங்கே இருப்பது நான் கண்ணால்கூடப் பார்க்காத மூன்றாவது வகைப் பெட்டி. காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கூப்பிட்டான்.

"ஓடுது அக்கா."

"ஃப்ரீசர்?"

"மைனஸ் இருபத்தி ரெண்டு. முதல்ல அதைத்தான் மாட்டிப் பாத்தேன்."

"நீ என்ன மாத்தின? உண்மையச் சொல்லு."



"ஒண்ணுமே மாத்தல அக்கா. எதையாவது ஒட்டலாம்னா எனக்கு இடமே குடுக்கலையே நீங்க."

போனை வைத்துவிட்டு மேசையை இரண்டு முறை சுற்றி வந்தேன். பிறகு வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன்: ரிவர்ஸ் போட்டுப் பார்த்தாச்சு.