மதியத்தோடு பூட்டும் ஆஸ்பத்திரி

மகளின் கவுனில் இன்று மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது. அலசும்போது வாடை எழுந்தது. நீ பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருந்தது. நம் சுகாதார நிலையத்தின் புது வார்டுக்கு மறுபடி பூச்சு அடிக்கிறார்கள். நீ போய் ஒரு மழைக்காலமே கழிந்தபின் உனக்கு எழுதுகிறேன்.

சர்க்கார் அந்த ஆஸ்பத்திரியைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்த வருடம் பள்ளிக்கூடத்தில் கிராமசபை கூடியது. சுகாதாரக் குழுவுக்கு மூன்றாம் வகுப்பு அறை. பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். தனுவச்சபுரம் கல்லூரியில் ஒன்றாகப் பொருளாதாரம் படித்தவர்கள் என்று நம்மை முன்னால் தள்ளிவிட்டிருந்தார்கள். மதியத்துக்குப் பிறகும் ஒரு டாக்டரோ நர்ஸோ இருக்க வேண்டும் என்பதைத்தான் நீ கேட்டாய். சிறுவயதிலிருந்தே உனக்கு மூச்சிழுப்பு உண்டு.

“ஆளு போடுதது சர்க்காராக்கும், மோளே,” என்றார் பஞ்சாயத்து மெம்பர். “நமக்கு வந்த பணத்தில சம்பளம் குடுக்கப்படாது. கட்டடம் வேணும்னா கெட்டலாம்.”

“அப்போ உச்சைக்குப் பொறவு எனக்கு இழுப்பு வந்தா செவரு ஊசி போடுமா, மாமா?”

அறையே சிரித்தது. மெம்பரும் சிரித்தார். கட்டடத்துக்குக் கை தூக்கினார்கள். வெளியே வந்ததும் என் தோளில் இடித்தாய்: “பணம் பஞ்சாயத்துக்கு, ஆளு சர்க்காருக்கு. நோவும் தீனமும் மட்டும் நமக்காக்கும், மக்கா.”

வார்டு எழும்பியது. ஒரு சாயங்காலம் உனக்கு இழுப்பு வந்தபோது உன் அண்ணன் ஆட்டோ பிடித்து வந்தான். உன்னைத் தாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது, பூட்டிய கதவுக்குப் பக்கத்திலிருந்த புதுச்சுவரை நீ விரலால் காட்டினாய். சிரிக்க முயன்றாயா, மூச்சுக்கு முயன்றாயா, எனக்கு இன்றுவரை தெரியாது. நெய்யாற்றின்கரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள், அமரவிளைப் பாலத்தின்மேல், உன் மூச்சின் விசில் சத்தம் நின்றது.

யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அடுத்த கிராமசபையில் நீ கேட்டதையே நான் எழுந்து கேட்டேன். ஆள் கேட்டு மேலே எழுதி அனுப்பியிருக்கிறார்களாம்.

மகள் தூங்கும்போது அவள் நெஞ்சில் காது வைக்கிறேன். சில நாள் உன் மூச்சு கேட்கிறது. காதை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் இல்லை. அதனால் மதியத்துக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுகிறேன். இன்றும் போனேன். டாக்டர் அவள் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இவளுக்கு ஒண்ணும் இல்லையே.”

“இப்போ இல்லே, சாரே,” என்றேன்.