பூவுக்கு அடியில் பார்

அக்கா, இன்று காலை நம் கம்பெனி வேலியில் ஒரு கோவைப்பழம் வெடித்துத் தொங்கியது. அப்படி ஒரு சிவப்பு! அணில் முந்துவதற்குள் பறித்து உன் மேசையில் வைத்தேன். அச்சில் வார்த்த பொம்மைகளுக்குப் பிசிறு சுரண்ட நாம் எதிரெதிரே உட்கார்ந்திருந்த அதே மேசைதான்.

பொரியலுக்கு ஆசைப்பட்டு எங்கிருந்தோ கோவைக் குச்சி ஒடித்து வந்து அந்த வேலியில் நட்டவள் நான். அதுவும் வேலியைச் சுருள் சுருளாகப் பற்றி ஏறி, உடைந்த பொம்மைக் குவியலையே மூடிவிட்டது. கோடையில் காய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு இருந்ததால் மழைக்குத் தளிர்த்துவிடும். வெள்ளை வெள்ளையாகப் பூத்ததே தவிர ஒரு காய் இல்லை. மூன்றாம் வருடம் டீ நேரத்தில், வாய்க்கொழுப்பில், "இது மலட்டுக் கொடி, வெட்டிப் போட்டுடலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் பிள்ளையில்லாத உன் முகத்தைப் பார்த்தேன். நீ டீயைக் குடிக்காமல் எழுந்து போனாய். நாலு நாள் பேசவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஐந்தாம் நாள் சேத்தியாத்தோப்பில் உன் அம்மா வீட்டிலிருந்து பூவோடு ஒரு கோவைக் குச்சியை ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தாய். என் கொடியில் ஒரு பூவைக் கிள்ளி அதன் பக்கத்தில் பிடித்தாய்.

"பூவுக்கு அடியில பாரு. இதுல பிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்குது. உன்னுதுல வெறும் காம்பு. அது ஆம்பளக் கொடி புள்ள. அதப் போயி மலடுன்னியே!"

நீதான் முதலில் சிரித்தாய். பிறகு கொட்டகையே சிரித்தது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். முதலில் குழியைத் தோண்டு என்றாய். இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் காய்க்கும் என்று என் கொடியையும் வெட்டவிடவில்லை. அடுத்த மழைக்கு வெள்ளைக் கோடு போட்ட பச்சைக் காய்களை மடி மடியாகப் பறித்தோம். முதல் பறிப்பில் பாதியை நீ என் பையில்தான் போட்டாய்.

நீ போன பிறகு உன் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். கல்யாணமாகி நாலு வருடம். மேசையில் இருந்த பழத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மாமியார் நேற்று அந்தச் சொல்லைச் சொன்னாளாம். அவளை வேலிக்கு அழைத்துப்போய் இரண்டு பூவையும் காட்டினேன்.

"டாக்டர்கிட்ட போறப்ப உன் வூட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு போ" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் அக்கா, அப்படிச் சிரித்தாள். கையிலிருந்த பொம்மை நழுவி உடைந்தது. குவியலில் போட்டுவிட்டு வந்தோம். உன் கொடி அதையும் மூடிக்கொள்ளும்.