நான் காத்த ஒரே ரகசியம்

ஐப்பசி மழை ஓய்ந்த காலை. இன்று பயிற்சிக் கூடத்தின் கதவை நான்தான் திறந்தேன். ஈரம் ஏறிய கோரைப்பாய்களின் வாடை முகத்தில் அடித்தது. அதற்கு அடியில், ஒல்லாந்தர் ஒருகாலத்தில் இங்கே அடைத்து வைத்திருந்த கிராம்பு மூட்டைகளின் காரம். வெயிலில் போடலாம் என்று பாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். ஜன்னலோரத்தில் சுருண்டு கிடந்த உன் பாயில் மட்டும் முகத்துவாரத்துச் சேற்று வாடை. நீ போய் ஐந்து மாதமாகிறது. யாரும் அதைத் தொட்டதுகூட இல்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

என் பிழைப்பு உனக்குத் தெரிந்ததுதான். கோட்டையில் துபாஷி. துரைமார் சொல்வதை நம்மவருக்கும், நம்மவர் சொல்வதைத் துரைமாருக்கும் சொல்வது வேலை. இரண்டு பேரும் சொல்லாததை ஊருக்குச் சொல்வது பொழுதுபோக்கு. உட்கார்ந்தே பெருத்த உடம்பு, குனிந்தால் நிமிர மறுக்கும் முதுகு. வைத்தியர் கைவிரித்து, சாமியாரிடம் போய் யோகம் பழகச் சொன்னார். நீயோ ஏரிக்கு அக்கரைப் பசியாவரத்திலிருந்து தோணி தள்ளிக்கொண்டு எனக்கு முன்பே வந்திருப்பாய். வலை அடியில் சிக்கினால் மூழ்கிப் போய் விடுவிக்கிறவன் நீ. உனக்கு மூச்சு நீளவேண்டும், எனக்குத் தொப்பை குறையவேண்டும். பாய் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிட்டது.

தெலுங்குச் சீமையிலிருந்து வந்த சாமியார் கூடத்து ஒழுங்குகளை ஓலையில் எழுதி வாசலில் கட்டியிருந்தார். செருப்பை வெளியே விடு. வெறும் வயிற்றோடு வா. அடுத்தவன் பாயை மிதிக்காதே. அடுத்தவன் என்ன செய்கிறான் என்று பார்க்காதே. பேசாதே. நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் மீறி முடித்தேன். பழையசோறும் கருவாடும் தின்றுவிட்டு வந்து காலைத் தலைக்குமேல் தூக்கிய அன்று நடந்ததை நீ ஏரி முழுக்கச் சொல்லிச் சிரித்தாய். "துபாசி வவுத்துல பீரங்கி கீதுபா, கோட்டைக்கு வேற எதுக்கு?"

ஓலையின் கடைசி வரியை மட்டும் சாமியார் வாயாலும் சொல்வார். உடம்பில் கோளாறு இருந்தால் மூச்சை அடக்கும் முன் சொல்லிவிடவேண்டும். "நோவை மறைச்சா நோவு உன்னை மறைச்சுடும்" என்பார். சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். நீ தலையைக் குனிந்துகொள்வாய். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்காதே என்றால் பார்க்கிற ஜாதி நான்.

அதனால்தான் அன்றைக்கும் பார்த்தேன். எல்லாரும் கண்ணை மூடி மூச்சை அடக்கியிருந்தோம். கோட்டைப் பக்கம் வெடிமருந்து இடிக்கிற சத்தம் மட்டும். ஓரக்கண்ணைத் திறந்தால் உன் உதடு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடியே சுவரில் சாய்ந்தது. கண் பாதி திறந்திருந்தது. அதற்குள் நீ இல்லை. துள்ளவில்லை, திணறவில்லை, ஒரு விரல்கூட அசையவில்லை. தொடையில் கிள்ளினேன். இரண்டாம் கிள்ளலுக்குத்தான் மூச்சு வந்தது. சாமியார் முன்வரிசையில் கண்மூடி இருந்தார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் நகங்களும் அதே நிறம்.

"சாமியாண்ட சொல்லாதபா."

"எத்தனாவது தடவை இது?"

"மூணு. தண்ணிக்குள்ள இன்னும் வர்ல."

"வந்தா?"

"வராதுபா. மூச்சு போனவன்னு தெரிஞ்சா தண்ணில எறங்க வுடமாட்டானுங்க. பாட்டுல பேரை எட்த்துருவானுங்க. அப்பறம் இன்னா, கரையில குந்திக்கினு கிழிசல் தைக்கறதா? உன் வாயி எனக்குத் தெரியும். இதை மட்டும் முழுங்கிடு."

எந்த நாளில் எவன் எந்தத் துறையில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டெடுத்துப் பிரிப்பதுதான் பாடு. அதில் பேர் இல்லாதவன் பசியாவரத்தில் ஆளே இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் நான் வாக்குக் கொடுத்து வாயை மூடிக்கொண்டது அதற்காக அல்ல; உன்னிடம் பொய் சொல்லக்கூடாது. நாற்பத்தைந்து வயதுவரை ஒரு மனிதர்கூட என்னை நம்பி ஒரு ரகசியம் சொன்னதில்லை. நீதான் முதல் ஆள். அந்தப் பெருமையில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

பத்தாம் நாள் முகத்துவாரத்தில் வலை சிப்பிப் பாறையில் சிக்கியது. நீ இறங்கினாய். இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தவன் உன் மைத்துனன். கீழே இருப்பவன் சுண்டி, கயிறு இரண்டுமுறை வெட்டினால் மேலே இழுக்கவேண்டும். வெட்டாமல் இழுத்தால் வலை கிழியும், ஆளும் பாறையில் அடிபடுவான். அவன் காத்திருந்தான். கயிறு வெட்டவே இல்லை. அவன் பயந்துபோய் இழுத்தபோது நீ சுலபமாக மேலே வந்தாயாம், எங்கும் சிக்காமல், கையை மடியில் வைத்தபடி. கேட்ட எனக்கு மட்டும் புரிந்தது. கூடத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாய்.

பசியாவரத்தில் கயிறு பிடித்தவனுக்குத்தான் பழி. தூங்கிவிட்டான் என்றார்கள், குடித்திருந்தான் என்றார்கள், பழைய பகை என்றும் சொன்னார்கள். அவன் தோணியில் யாரும் ஏறவில்லை. உன் பெண்டாட்டி சொந்தத் தம்பிக்கே கதவைத் திறக்கவில்லை. சந்தையில் என்னைக் கண்டால் அவன் நின்று, "அண்ணா, கயிறு வெட்டலண்ணா, சத்தியமா வெட்டல" என்பான். நான் ஊரின் மற்ற வம்புகளையெல்லாம் அவனுக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். நான்கு மாதம் அப்படி நகர்ந்தேன்.

புரட்டாசியில் பாட்டுச் சீட்டு எடுக்கும் நாளன்று அவன் பேரை நீக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. தோணி பிடித்துப் போனேன். சபை நடுவில் நின்றேன். துரைமார் முன்னால் குழையாத நாக்கு அன்றைக்குக் குழைந்தது. உன் உதட்டின் நிறம், என் கிள்ளல், உன் மூன்று மயக்கம், நான் கொடுத்த வாக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு மூட்ட ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. என் ஆயுளில் அப்படிப் பேசியது அந்த ஒருமுறைதான்.

ஊர்ப் பெரியவர் உன் மைத்துனன் பேரைச் சீட்டுக் குடத்தில் போடச் சொன்னார். அவன் குந்தி அழுதான். வாக்கை மீறியதற்காக நீ என்னை வைதுகொள். அவன் மறுநாள் வலை போட்டான்.

கூட்டம் கலைந்தபோது உன் பெண்டாட்டி எதிரே வந்து நின்றாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். குரலை உயர்த்தவே இல்லை. "ஊர்ல அல்லார் சங்கதியும் சொல்றியே துபாசி. இதை அன்னிக்கே சொல்லியிர்ந்தா?" என்றாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போதும் தினம் கூடத்துக்குப் போகிறேன். முதுகு நேராகிவிட்டது, தொப்பையும் பாதியாகிவிட்டது. சாமியார் மெச்சுகிறார். மூச்சு மட்டும் அடங்கி நிற்பதில்லை. கண்ணை மூடி அடக்கி, மனசுக்குள் எண்ணத் தொடங்குகிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று. அதற்குமேல் எண் வருவதில்லை. "அன்னிக்கே சொல்லியிர்ந்தா?" என்கிறாள் உன் பெண்டாட்டி. மூச்சை விட்டுவிடுகிறேன்.