ஸ்டேசன் மாஸ்டர்

2024 மாசி 9
பக்கத்து வீட்டுப் பெற்றிசியா இன்றைக்கும் வாசலில் நின்று, "ஸ்டேசன் மாஸ்டர் எழும்பியாச்சோ?" என்று கேட்டாள். நான் வைத்த பட்டம்தான். என்ர மனிசன் நாலு வருசம் அரபுநாட்டில் நிலத்துக்கடியில் கோச்சி ஸ்டேசன், அதுதான் மெற்றோ ரயில் ஸ்டேசன், கட்டிப்போட்டு வந்தவர். வந்த நாளிலிருந்து வேறு கதை இல்லை. அதுக்குத்தான் வைச்சனான். பேசாலை ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டுது. எட்வேட் என்றால் இப்ப ஒருத்தருக்கும் தெரியாது.

மாஸ்டர் கிணற்றடிக்குப் போகமுதல் ரெண்டு இடத்தில் குந்தி இளைப்பாறுகிறார்.

மாசி 21
பெரியாஸ்பத்திரி. கல்லுத்தூள் நெஞ்சுக்குள் படிந்து இறுகிவிட்டதாம். டாக்குத்தர் சின்னப் பொடியன், எங்கட முகத்தைப் பார்க்கவில்லை. "இனிக் கடலுக்குப் போகவேண்டாம் ஐயா."

கடலில் சங்கு எடுக்க முழுகின மனிசன். நான் கரையில் இருந்து செபமாலையில் பத்து மணி உருட்டி முடிப்பன், ஆள் மேலே வராது. அந்த மூச்சை எங்க விட்டிட்டு வந்தவர்?

பஸ்ஸில் கேட்டேன், "மூச்சையும் தூணுக்குள்ள வைச்சுப் பூசிப்போட்டீங்களோ?" சிரித்தார். சிரித்து, இருமல் வந்து, இறங்கும்வரைக்கும் நிக்கேல்லை. இனிப் பகிடி விடவும் யோசிக்கவேணும்.

பங்குனி 3
இன்றைக்கும் ஸ்டேசன் கதைதான். முதல் வெறும் பள்ளமாம். தோண்டத் தோண்ட உப்புத்தண்ணி. "கடலை விட்டிட்டுப் போனன், அது பின்னால வந்திட்டுது" என்றார். பிறகு பாறை. மெசினால் வெட்டும்போது முன்னால் நிற்கிற ஆள் தெரியாதாம். மூக்குக்குக் கட்ட ஒரு துணி, அதுவும் கிழமைக்கு ஒன்று. பிறகு தூண், பிறகு சலவைக்கல். ஆரோ பெரியவர் வந்து நிறம் பிடிக்கவில்லை என்று ஒட்டின கல்லெல்லாம் கழற்றச் சொன்னாராம். கழற்றினதும் இவர்தான், திரும்ப ஒட்டினதும் இவர்தான். இருமல் கூடினதும் ரிக்கெற் எடுத்து ஊருக்குப் பிளேன் ஏற்றிவிட்டார்கள். கோச்சி ஓடினதை இவர் காணவில்லை.

"ஒருக்கால் லைற்றெல்லாம் போட்டுப் பாக்கவேணும் றஞ்சிதம்."

மனிசன் கேக்கிறதே அவ்வளவுதான்.

பங்குனி 4
கோவம். ஆரில என்றுதான் தெரியவில்லை.

சித்திரை 17
மூத்தவள் சுவேதினிக்கு இவர் வேலை செய்த அதே பட்டணத்தில்தான் வீட்டு வேலை. லீவு நாளில் அந்த ஸ்டேசனுக்குப் போய் வீடியோக் கோல் எடுத்தாள். கலியாண மண்டபம் மாதிரி வெளிச்சம். சுவரில் ஒரு பலகை — ஸ்டேசனின் வரலாறாம். பிள்ளை வாசித்துச் சொன்னாள். கட்டடத்துக்குப் பிளான் படம் கீறினவரின் பேர் இருக்கு. திறந்து வைத்தவரின் பேர் இருக்கு.

"தோண்டினது ஆரெண்டு போடேல்லையோ?"

"தானாய்த் தோண்டுப்பட்டுதாக்கும் அம்மா."

என்ர பிள்ளைதான்.

இவர் பலகையைப் பார்க்கவே இல்லை. "கல்லு வரிசை நேராய் இருக்கு, பாத்தியோ" என்று போனை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் போனைத் தூக்கிக் கிணத்துக்குள்ள போடவேணும்போல இருந்தது. லைற் எல்லாம் வடிவாய்த்தான் எரியுது. இஞ்ச மனிசன் நிமிர்ந்து படுக்கேலாமல் கதிரையில இருந்து நித்திரை கொள்ளுது.

ஆடி 2
மடு மாதா கோயில். நான் தனியத்தான் போனேன். வழக்கமாய் மாதாவோடும் பகிடி விடுவேன். இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் மூச்சுத் தா என்று மட்டும் கேட்டேன்.

புரட்டாதி 14
முந்தநாள் அடக்கம்.

என் தம்பி றெனால்ட் அடித்த மரண அறிவித்தலில் "எட்வேட் (ஸ்டேசன் மாஸ்டர்)" என்று கிடக்கு. "அப்பிடிப் போட்டாத்தான் அக்கா சனத்துக்கு விளங்கும்" என்றான். சந்தி மதிலெல்லாம் ஒட்டியிருக்கு.

அதைப் பார்த்துவிட்டு நறுவிலிக்குளத்துத் தம்பு அண்ணை இன்றைக்கு வந்தார். முந்தி எங்களுக்கு நெல்லுக் கொண்டுவந்து தந்து கருவாடு கொண்டுபோறவர். சோடாவைக் குடித்து முடித்து, மெல்லக் கேட்டார்.

"எட்வேட் கோச்சியில உத்தியோகமெண்டு எனக்குத் தெரியாமப் போச்சு பிள்ளை. எந்த ஸ்டேசன், பேசாலையோ தலைமன்னாரோ?"

பெற்றிசியா என் முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தூரம் அண்ணை" என்றேன்.

"அரசாங்க வேலையெல்லோ. பென்சன் வருமே?"

"வரும் அண்ணை. நிலத்துக்கடியால வந்துகொண்டிருக்கு."