வகையறாவுக்குள் இருந்த அக்காவுக்கு

எனக்குச் சோறு போடாமல் ஒருநாளும் தான் சாப்பிட்டிராத என் பூங்கொடி அக்காவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் முடிந்துவிட்டது. உன் வீட்டு முருங்கை காய்த்துத் தள்ளுகிறது. எதிர்வீட்டு டெய்லர் அக்கா பறித்துத் தெருவுக்கே கொடுக்கிறார். நீ வளர்த்த செவலைப் பூனை இப்போது அவர் தையல் மிஷினுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறது. உனக்குச் சொல்ல நல்ல சேதி இவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன். முன்பின் தெரியாதவர்களும் படிப்பார்கள். உன் படத்துக்கு முன்னால் தனியாக நின்று அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெளியே வந்து வக்கீல் சார் என்று நிமிர்ந்து நடப்பது சுலபம். அப்படி ஒரு ஐந்து மாதம் நடந்தும் பார்த்துவிட்டேன். முடியவில்லை.

என் வேலை என்னவென்று நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாய். "பேரூராட்சிக்கே சட்டம் சொல்றவன் என் தம்பி." ஆண்டிமடத்தில் இருந்தபோது முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்களை ஆட்டி ஆட்டிச் சொல்வாய். நான் சட்டம் சொன்ன லட்சணத்தை இப்போது சொல்கிறேன், கேள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் ஜனங்கள் வரிசையில் நின்று மனு கொடுக்கிறார்கள். அது ஒரு எண் வாங்கிக்கொண்டு உங்கள் ஊர்ப் பேரூராட்சிக்கு வரும். கொஞ்சம் சிக்கலாகத் தெரிந்தால், சட்ட ஆலோசகரின் கருத்துக்கு அனுப்பு என்று எனக்கான மனுக்கட்டில் சேர்த்துவிடுவார்கள். வியாழக்கிழமை பெரம்பலூர் கோர்ட் வேலை முடிந்து நான் போவேன். எழுத்தர் சிவராமன் டீ சொல்லிவிட்டு மனுக்கட்டை எடுத்து வைப்பார். ஒவ்வொரு மனுவின் மேலும் அவர் கையால் ஒரு வரி எழுதி ஒட்டியிருப்பார், யார், என்ன பிரச்சினை என்று. நான் அந்த வரியைப் படிப்பேன். அக்கா, அந்த வரியை மட்டும்தான் படிப்பேன்.

நிறையப் பேர் கையெழுத்துப் போட்ட மனு என்றால் முதல் பெயரை எழுதி, பக்கத்தில் 'வகையறா' என்று போட்டுவிடுவது எங்கள் வழக்கம். இருபது பேர் இருந்தாலும் ஒரு வகையறாவுக்குள் அடங்கிவிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒன்று வந்தது. 'செல்லம்மாள் வகையறா, அண்டை வீட்டாருடன் பாதைத் தகராறு.' பாதைத் தகராறு என்றாலே என்னிடம் மூன்று வரி கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். 'இப்பிரச்சினை உரிமையியல் தன்மை கொண்டது. பேரூராட்சி தலையிட வேண்டியதில்லை. மனுதாரர்கள் உரிய நீதிமன்றத்தை அணுகி நிவாரணம் தேடிக்கொள்ளலாம்.' எண்ணை மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

உன் கருமாதிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு டெய்லர் அக்கா என்னிடம் வந்தார். உன் ஆஸ்பத்திரி பைலைக் கொடுத்தார், டயாலிசிஸ் நோட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் வைத்திருப்பாயே, அந்த நீலப் பிளாஸ்டிக் உறை. "ஒங்ககிட்ட இருக்கட்டுந் தம்பி" என்றார். புரட்டினேன். கடைசியில் நாலாக மடித்த ஒரு நகல். என் லெட்டர்பேடு. என் மூன்று வரி. என் கையெழுத்து.

"இது என்னக்கா?" என்றேன்.

"எங்க மனுவுக்கு வந்த பதில் தம்பி. ரோட்டுக்குப் போற சந்த அடச்சு சுவரு வச்சதுக்கு நாங்க எல்லாம் சேந்து குடுத்தோம்ல."

"நீங்களா குடுத்தீங்க? இதுல செல்லம்மாள்னுல்ல இருக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாந்தானய்யா செல்லம்மா."

இத்தனை வருஷமாக டெய்லர் அக்கா, டெய்லர் அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேன். அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார்.

"அக்கா கையெழுத்துப் போட்டுச்சா?"

"போடாம? ஏழாவதா போட்டுச்சு. நாங்கூடச் சொன்னேன், தம்பிதான ஆபீஸ்ல இருக்காப்ல, ஒரு வார்த்த காதுல போட்டுவுடுன்னு. ஒங்க அக்கா ஒரே புடியா மாட்டேன்னுடுச்சு. அவன் வேலையில நான் தலையிட மாட்டேன், மனுவா வந்தா மனுவா பாக்கட்டும், நாயமிருந்தா அவனே எழுதுவான்னுச்சு."

"பதில் வந்தப்ப?"

டெய்லர் அக்கா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். "படிச்சுக் காட்டச் சொல்லுச்சு. ரெண்டு தடவ படிச்சேன். அவன் படிச்சவன், சரியாத்தான் எழுதியிருப்பான்னு வாங்கி மடிச்சு வச்சுக்கிச்சு. அதோட ஆரும் பேசல தம்பி."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது, அக்கா.

அந்தச் சுவரை நான் பார்க்காதவனா? பொங்கலுக்கு வந்தபோது, "என்னக்கா, சந்த அடச்சுட்டாங்களா?" என்று கேட்டேன். "ஆமாண்டா, கட்டிட்டாங்க" என்றாய். அவர்களுடைய இடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கரும்பு கடிக்கப் போய்விட்டேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாய் என்று இப்போது தோன்றுகிறது. நிஜமாகவே நின்றாயா, அல்லது என் மனது இப்போது நிறுத்தி வைத்துப் பார்க்கிறதா?

பிறகுதான் உனக்குச் சிறுநீரகம் கெட்டது. செவ்வாய்க்கிழமை டெய்லர் அக்கா உன்னை பஸ்ஸில் அழைத்துப் போவார். வெள்ளிக்கிழமை என் முறை. விடிந்ததும் பெரம்பலூரிலிருந்து காரில் கிளம்பி வந்து அரியலூர் ரோட்டில் நிற்பேன். பின்பக்கத் தெருவில் சிறுபாலம் இடிந்து கிடப்பதால் கார் உள்ளே வராது. சந்து இருந்தபோது உன் வாசலிலிருந்து ரோட்டுக்கு இரண்டு நிமிஷம். சுவர் வந்த பிறகு ஏரிக்கரை வழியாகப் போய், சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ரோட்டில் ஏறி, ஓரமாகவே நடந்து வர வேண்டும். கால் வீங்கிய ஒருத்தி, புழுதி போகாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

நான் காரில் உட்கார்ந்து ஹார்ன் அடிப்பேன். நீ மூச்சு வாங்க வந்து ஏறுவாய். "எத்தன தடவ சொல்றது, சீக்கிரம் கெளம்புன்னு? கோர்ட்டுக்கு நேரமாவுதுல்ல?" என்று கத்துவேன். "சுத்திட்டு வரணும்ல சாமி" என்பாய். அவ்வளவுதான். எதைச் சுற்றிக்கொண்டு என்று ஒரு வெள்ளிக்கிழமையாவது கேட்டேனா? அந்த நீல பைல் உன் மடியில்தான் இருக்கும். அதற்குள் என் கையெழுத்து. ஆஸ்பத்திரி வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு வெயில் படுகிறது என்று சொல்லி நீ கண்ணாடிப் பக்கம் துண்டைத் தொங்கவிடுவாய்.

கோபமாகத்தான் இருந்தாயா, அக்கா? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே. அல்லது நான் எழுதியதுதான் சட்டம் என்று மனப்பூர்வமாக நம்பிவிட்டாயா? இரண்டில் எது எனக்கு அதிகமாக வலிக்கும் என்றுகூடத் தெரியவில்லை.

போன மாதம் மறுபடியும் மனு வந்தது. நீ ஒருத்தி தவிர அதே பெண்கள், அதே சந்து, அதே 'செல்லம்மாள் வகையறா'. சிவராமன் பழைய கருத்தைத் தேடி எடுத்து மேலேயே வைத்திருந்தார். "அதேதான் சார். தேதிய மட்டும் மாத்திக்குங்க" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவரை அப்படிப் பழக்கியவன் நான்தான்.

அன்று பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாவது பக்கத்தில் மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் இருந்தது. உங்கள் நகரை மனைகளாகப் பிரித்து விற்றபோது சாலை, சந்து எல்லாவற்றையும் பேரூராட்சிக்கே தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சந்தும் அதில் இருக்கிறது. அண்டை வீட்டுத் தகராறே இல்லை அது. ஊருக்குச் சொந்தமான வழியில் ஒருவர் சுவர் எழுப்பியிருக்கிறார், அதை அகற்ற வேண்டியது பேரூராட்சியின் கடமை. நேற்று வக்கீலான பிள்ளைகூடச் சொல்லிவிடும். பழைய மனுவையும் எடுத்து வரச் சொன்னேன். அதிலும் மூன்றாவது பக்கத்தில் அதே வரைபடம். கீழே கையெழுத்துகள். ஏழாவதாக நீ. பூவன்னாவைப் பெரிதாகப் போட்டுவிட்டு, இடம் போதாமல் கடைசி எழுத்தை மேலே ஏற்றியிருந்தாய். தானப் பத்திரத்தின் அசல் அடுத்த அறை பீரோவில், நான் டீ குடிக்கும் நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.

செயல் அலுவலர் சின்ன வயதுப் பெண், நேர்மையானவர். அவரிடம் போய், நீ என் அக்கா என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா சுவரு கட்டினவரு முந்திக்கிட்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போயிட்டாரு. பேரூராட்சியே இது தனியார் தகராறுன்னு சொல்லிடுச்சுன்னு ஒங்க கருத்தத்தான் மொத ஆவணமா போட்டிருக்காரு. இப்ப நீங்க மாத்தி எழுதுனா, அக்காவுக்காக எழுதுனீங்கன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க மேடம்."

"வேற ஒருத்தர்கிட்ட அனுப்பிடட்டா? நீங்க ஒதுங்கிக்குங்க. ஒங்க பேருக்கும் நல்லது."

ஒதுங்குவது சரிதான், ஒதுங்கத்தான் வேண்டும். ஆனால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கினால் அடுத்து வருகிறவர் என்ன செய்வார்? மேலே இருக்கும் பழைய கருத்தைப் படிப்பார். தேதியை மாற்றுவார். நானும் அப்படித்தானே செய்திருப்பேன்? நீ எந்த உறவைச் சொல்லிக் கேட்க மாட்டேன் என்று வீம்பாக இருந்தாயோ, அந்த உறவே இப்போது உன் தெருவின் நியாயத்துக்குக் குறுக்கே வந்து நின்றது. உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

அதனால் புதுக் கருத்து எழுதவில்லை. ஒரு கடிதம் எழுதினேன். 'மேற்படி மனுவின் இணைப்புகளைப் படிக்காமல் நான் முன்பு அளித்த கருத்து தவறானது. அதைத் திரும்பப் பெறுகிறேன். முதல் மனுவின் மனுதாரர்களில் ஒருவர் என் உடன்பிறந்த அக்கா. ஆகவே இந்த மனுவை நான் பரிசீலிப்பது முறையல்ல. தானப் பத்திரத்தைப் பார்வையிட்டு வேறு வழக்கறிஞர் கருத்து வழங்க வேண்டும்.' அதற்குக் கீழே முதல் மனுவில் கையெழுத்துப் போட்ட எல்லோருடைய பெயரையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். வகையறா போடவில்லை. சிவராமன் எட்டிப் பார்த்து, "இறந்தவங்க பேரு எதுக்கு சார்? எடுத்துடலாமே" என்றார். "கையெழுத்துப் போடும்போது உயிரோடதான இருந்துச்சு" என்றேன். 

கடிதம் கொடுத்த மறுநாள் வெள்ளிக்கிழமை. காரை வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு உன் வீட்டுக்கு நடந்தேன். லாரி ரோடு, ஏரிக்கரை, பின்பக்கத் தெரு. இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கும் எனக்கே இருபது நிமிஷம் ஆனது. ஒரு லாரி ஒதுங்கச் சொல்லி ஹார்ன் அடித்தபோது உடம்பு தூக்கிப்போட்டது. ஏரிக்கரை வந்ததும் உட்கார்ந்து அழுதேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வந்து, "என்னாங்க, மயக்கமா?" என்று தண்ணீர் கொடுத்தார்.

ஒன்றும் முடிந்துவிடவில்லை. சுவர் அப்படியேதான் நிற்கிறது. புதிதாக மனுவைப் பார்க்கும் வக்கீல் இன்னும் பதில் எழுதவில்லை. கோர்ட்டில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடப் போகிறார்கள். நான் தினமும் கறுப்புக் கோட்டோடு போய் நிற்கும் இடத்தில் என்னையே கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள், 'மனுவைப் படிக்காமலா கையெழுத்துப் போட்டீர்?' என்று. கூடப் பழகும் வக்கீல்கள் எல்லாம் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். பேரூராட்சி வேலை இனி எனக்கு இல்லை என்பது கிட்டத்தட்ட நிச்சயம். அதைவிட ஒன்றுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. இத்தனை வருஷ வியாழக்கிழமைகளில் நான் தேதி மாற்றிய மற்ற வகையறாக்களுக்குள் யார் யார் இருந்தார்கள்? அவர்கள் இப்போது எதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள்?

அக்கா, கூண்டில் ஏறினால் 'ஆமாம், படிக்கவில்லை' என்று சொல்வேன். சுற்றி வளைக்க மாட்டேன். அந்தச் சுவர் இடியும் வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் லாரி ரோட்டு வழியாக நடந்தே உன் வீட்டுக்கு வந்து, விளக்கேற்றிவிட்டு, அதே வழியில் நடந்தே திரும்புவேன். கோர்ட்டுக்கு நேரமானால் ஆகட்டும்.

இப்படிக்கு,
ஏழாவது கையெழுத்தின் தம்பி